பெரிய பல்கலைக்கழகமா, பெயர் பெற்ற படிப்பா? பிசினஸ் மாஸ்டர்ஸ் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மார்ச், ஏப்ரல் மாதங்களில் பலர் கையில் இரண்டு அட்மிட் (சேர்க்கை அனுமதி) இருக்கும். ஒன்று ஊர் உலகத்துக்கே தெரிந்த பல்கலைக்கழகம். ஆனால் கிடைத்திருக்கும் படிப்பு சில வருடங்களுக்கு முன்பு தொடங்கியது, அதைப் பற்றி யாருக்கும் அதிகம் தெரியாது. இன்னொன்று உறவினர் ஒருவர்கூடக் கேள்விப்படாத பல்கலைக்கழகம். ஆனால் அந்தத் துறையில் இருப்பவர்களிடம் அந்தப் படிப்பின் பெயரைச் சொன்னால் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். எதை எடுப்பது?

எம்பிஏவில் இந்தக் குழப்பம் அவ்வளவாக வராது. ஒரு வணிகப் பள்ளியின் முதன்மையான படிப்பே எம்பிஏதான் என்பதால் பள்ளியின் மதிப்பும் படிப்பின் மதிப்பும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். மாஸ்டர்ஸ் இன் மேனேஜ்மென்ட், ஃபைனான்ஸ், பிசினஸ் அனலிட்டிக்ஸ், ஃபைனான்ஷியல் இன்ஜினியரிங் போன்ற படிப்புகளில்தான் இரண்டும் பிரிகின்றன. டிகிரி முடித்த கையோடு, அல்லது ஓரிரு வருட வேலைக்குப் பிறகு இந்தப் படிப்புகளுக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் வேலையை வாங்கித் தருவது பெரும்பாலும் படிப்பு. பத்து வருடம் கழித்துத் துறையோ நாடோ மாறும்போது கைகொடுப்பது பல்கலைக்கழகத்தின் பெயர். எஜுகேஷன் லோனைக் கட்டப்போவது முதல் வேலையின் சம்பளம். அதனால் என்ன வேலை வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்தவர்கள் படிப்பின் பக்கம் சாய்வது நல்லது. தெரியாதவர்களுக்குக் கணக்கு வேறு; அதைக் கடைசியில் பார்ப்போம்.

படி 1: வேலையையும் ஊரையும் எழுதுங்கள்

ஒரே வரி போதும்: "ஃபிராங்பர்ட்டில் வங்கி வேலை", "நியூயார்க்கில் குவான்ட்" (கணிதத்தையும் நிரலாக்கத்தையும் வைத்துச் செய்யும் நிதித்துறை வேலை), "இரண்டு வருடம் லண்டன், அப்புறம் சென்னை". ஊரையும் சேர்த்து எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு பெயரின் மதிப்பு அதை உங்கள் ரெஸ்யூமேயில் பார்க்கிற ஆளைப் பொறுத்தது. அந்த ஆள் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது.

ஜெர்மனியை எடுத்துக்கொள்ளுங்கள். 1386-இல் தொடங்கிய ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தின் பெயர் நம் ஊரிலும் பலருக்குத் தெரியும். அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது மன்ஹைம். சென்னையில் பத்துப் பேரிடம் கேட்டால் ஒருவருக்குத் தெரிந்தாலே அதிகம். ஆனால் ஜெர்மன் நிறுவனங்களில் ஆள் எடுக்கிறவர்களிடம் நிர்வாகப் படிப்பு என்றால் முதலில் வருகிற பெயர்களில் ஒன்று மன்ஹைம். ஹைடல்பெர்க்கின் புகழ் மருத்துவத்திலும் இயற்பியலிலும் தத்துவத்திலும் வந்தது. இரண்டும் ஒரே மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவருக்குச் செமஸ்டருக்கு 1,500 யூரோ என்ற மாநிலக் கட்டணம் இரண்டுக்கும் பொது. ஜெர்மனியிலேயே வேலை என்று எழுதியிருந்தால் மன்ஹைம் போகலாம், கூடவே ஜெர்மன் மொழியும் கற்றாக வேண்டும். படித்து முடித்த கையோடு ஊர் திரும்புவதாக எழுதியிருந்தால் அந்த மதிப்பில் பெரும்பகுதி விமானத்தில் கூட வராது.

படி 2: பெரிய பெயருக்குள்ளே எந்தக் கதவு என்று பாருங்கள்

அதிகம் பேர் வழுக்குகிற இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

"கொலம்பியாவில் ஃபைனான்ஸ் மாஸ்டர்ஸ்" என்று ஒருவர் சொன்னால் அது பல படிப்புகளில் எதுவாகவும் இருக்கலாம். கணிதத் துறை நடத்தும் மேத்தமேட்டிக்ஸ் ஆஃப் ஃபைனான்ஸ் இருக்கிறது. பொறியியல் பள்ளி நடத்தும் ஃபைனான்ஷியல் இன்ஜினியரிங் இருக்கிறது. வணிகப் பள்ளி நடத்தும் ஃபைனான்ஷியல் எகனாமிக்ஸ் இருக்கிறது. ஸ்கூல் ஆஃப் புரொஃபஷனல் ஸ்டடீஸ் நடத்தும் நிறுவன இடர் மேலாண்மைப் படிப்பும் இருக்கிறது. பட்டச் சான்றிதழில் எல்லாவற்றுக்கும் ஒரே பல்கலைக்கழகப் பெயர்தான். சேர்க்கையின் கடுமை, வகுப்பின் அளவு, பாடங்கள், வேலைவாய்ப்பு அலுவலகம் எல்லாம் வேறு வேறு.

நியூயார்க் பல்கலைக்கழகத்திலும் இதே நிலைதான். கூரான்ட் கணித நிறுவனத்தின் மேத்தமேட்டிக்ஸ் இன் ஃபைனான்ஸ் மன்ஹாட்டனில். டாண்டன் பொறியியல் பள்ளியின் ஃபைனான்ஷியல் இன்ஜினியரிங் புரூக்ளினில். ஸ்டெர்ன் வணிகப் பள்ளி தனி. ஆள் எடுக்கிற வங்கிக்காரருக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். உங்கள் மாமாவுக்குத் தெரியாது. வேலை கொடுக்கப்போவது யார் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

எனவே அட்மிட் கொடுத்த இடத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி மூன்று விஷயங்களைக் கேளுங்கள். பட்டம் தருவது எந்தத் துறை அல்லது பள்ளி? எம்பிஏ மாணவர்களுக்காக கேம்பஸ் வரும் நிறுவனங்களிடம் உங்கள் படிப்பு மாணவர்களும் விண்ணப்பிக்கலாமா, அல்லது வேலைவாய்ப்பு அலுவலகம் தனியா? கடந்த மூன்று ஆண்டுகளில் வகுப்பில் எத்தனை பேர் சேர்ந்தார்கள்?

மூன்றாவது கேள்விக்கு வரும் பதில் நிறையச் சொல்லும். வகுப்பு ஆண்டுக்கு ஆண்டு வேகமாகப் பெருகி, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஆட்கள் அப்படியே இருந்தால், அந்தப் படிப்பு பல்கலைக்கழகத்தின் வருமானத்துக்காக ஓடுகிறது என்று சந்தேகப்பட உங்களுக்கு உரிமை உண்டு. பெயர் எவ்வளவு பெரியதோ அந்த அளவுக்கு இதைச் செய்வது அவர்களுக்குச் சுலபம். பெயரைப் பார்த்தே பணம் கட்ட ஆள் வரும்.

எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு உதாரணம். பரூக் கல்லூரி நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதி. நகரத்து நடுத்தரக் குடும்பங்களின் பிள்ளைகளும் குடியேறிகளின் பிள்ளைகளும் படிக்கிற அரசுக் கல்லூரி. அங்கே நடக்கும் ஃபைனான்ஷியல் இன்ஜினியரிங் மாஸ்டர்ஸ், இந்தத் துறைப் படிப்புகளை வரிசைப்படுத்தும் குவான்ட்நெட் இணையதளத்தின் தரவரிசையில் பிரின்ஸ்டனுடன் சேர்ந்து முதல் சில இடங்களில் வருகிறது. சிறிய வகுப்பு, சேர்க்கைக்கு முன்பே கணிதத்திலும் சி பிளஸ் பிளஸ் நிரல்மொழியிலும் வடிகட்டி விடுகிறார்கள். டொராண்டோவில் நடக்கும் ராட்மன் வர்த்தகப் போட்டியை அதன் அணிகள் பலமுறை வென்றிருக்கின்றன. பக்கத்திலேயே இருக்கும் தனியார் பல்கலைக்கழகங்களை விடக் கட்டணம் வெகுவாகக் குறைவு. குவான்ட் வேலை என்று உறுதியாக இருப்பவர், பெரிய பல்கலைக்கழகம் ஒன்றின் ஓரத்துப் படிப்புக்காக இதை விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பிரின்ஸ்டனைச் சொன்னதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கே வணிகப் பள்ளியே கிடையாது, எம்பிஏவும் கிடையாது. இருந்தும் அதன் ஃபைனான்ஸ் மாஸ்டர்ஸ் உலகில் கிடைப்பதற்கு மிகக் கடினமான படிப்புகளில் ஒன்று. பெயரும் படிப்பும் ஒன்றாக வந்து சேரும் இடங்கள் இப்படிச் சில உண்டு. அங்கே கிடைத்துவிட்டால் இந்தக் கட்டுரை உங்களுக்குத் தேவையில்லை.

படி 3: விசா சட்டம் எதைப் பார்க்கிறது?

பெயரா படிப்பா என்ற கேள்விக்கு அரசாங்கங்களும் பதில் வைத்திருக்கின்றன. நாட்டுக்கு நாடு அது மாறுகிறது.

அமெரிக்கா படிப்பைப் பார்க்கிறது. மாணவர் விசாவில் படித்து முடித்தவருக்கு ஓபிடி என்ற பெயரில் 12 மாதம் வேலை செய்ய அனுமதி. படிப்பு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருந்தால் இன்னும் 24 மாதம். ஆக மொத்தம் மூன்று வருடம். ஸ்டெம் ஆ இல்லையா என்பதைத் தீர்மானிப்பது மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் இருக்கும் படிப்புக் குறியீடு. பொதுவான ஃபைனான்ஸ் குறியீடான 52.0801 பட்டியலில் இல்லை. நிதிக் கணிதத்தின் 27.0305, பிசினஸ் அனலிட்டிக்ஸின் 30.7102, மேனேஜ்மென்ட் சயன்ஸின் 52.1301 ஆகியவை உண்டு. "மாஸ்டர் ஆஃப் ஃபைனான்ஸ்" என்று ஒரே பெயரில் இருக்கும் இரண்டு படிப்புகள் இரண்டு குறியீட்டில் இருக்கலாம். புகழ் பெற்ற பல்கலைக்கழகத்தில் 12 மாதம், சாதாரணப் பல்கலைக்கழகத்தில் 36 மாதம் என்ற நிலைமை வரலாம். ஹெச்-1பி என்ற வேலை விசாவுக்கான குலுக்கலில் எத்தனை முறை பெயர் போட முடியும் என்பதே இதனால் மாறுகிறது. கடன் வாங்கிப் போகிறவர் குறியீட்டை எழுத்துமூலமாக வாங்கிக்கொள்ளாமல் முன்பணம் கட்டக் கூடாது.

இங்கிலாந்து சில இடங்களில் பல்கலைக்கழகப் பெயரைப் பார்க்கிறது. 2022 மே முதல் நடைமுறையில் இருக்கும் ஹை பொட்டென்ஷியல் இண்டிவிஜுவல் விசா, உலகத் தரவரிசைகளில் முன்னணியில் வரும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற்றவர்களுக்கு, வேலை உறுதி இல்லாமலேயே அங்கே போக வழி தருகிறது. நீங்கள் எந்தப் பாடம் படித்தீர்கள் என்று அது கேட்பதில்லை. வணிகம் மட்டுமே கற்பிக்கும் தனிப் பள்ளிகள் எவ்வளவு உயர்ந்தவையாக இருந்தாலும் இந்தப் பொதுத் தரவரிசைகளில் பெரும்பாலும் வருவதில்லை. நெதர்லாந்தின் ஓராண்டு வேலை தேடும் அனுமதியும், வெளிநாட்டில் படித்தவர்களுக்கு இதே மாதிரி முதல் 200 பல்கலைக்கழகங்களின் பட்டியலை வைத்துத்தான் கிடைக்கிறது. நாடு நாடாகப் போய் வேலை பார்க்கும் எண்ணம் உள்ளவர்களுக்குப் பெயரின் பக்கம் இது ஒரு கனமான வாதம்.

இங்கிலாந்திலேயே படித்தால், முடித்த பிறகு அங்கே தங்கி வேலை செய்ய விடும் கிராஜுவேட் ரூட் விசா எல்லோருக்கும் பொது. பெயரும் பார்ப்பதில்லை, படிப்பும் பார்ப்பதில்லை. இதுவரை இரண்டு வருடம். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் மாஸ்டர்ஸ் மாணவர்களுக்கு 18 மாதம். ஜெர்மனியில் படித்து முடித்தவருக்கும் வேலை தேட 18 மாதம்தான். விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன; கன்சல்டன்சி சொல்வதை மட்டும் நம்பாமல் அந்தந்த அரசுத் தளத்தில் நீங்களே பாருங்கள்.

படி 4: காலண்டரை எடுத்து வையுங்கள்

லண்டனின் பெரிய வங்கிகள் அடுத்த ஆண்டுக்கான விண்ணப்பங்களை ஜூலையிலிருந்து செப்டம்பருக்குள் திறந்துவிடும். வர வரப் பார்த்து இடங்களை நிரப்பிக்கொண்டே போவார்கள். ஓராண்டு எம்எஸ்சி தொடங்குவது செப்டம்பர் கடைசியில். அதாவது நீங்கள் அங்கே போய் வீடு பார்த்து, வங்கிக் கணக்கு திறந்து, முதல் வகுப்பில் உட்காரும் நேரத்தில் நல்ல இடங்கள் பாதி போயிருக்கும். எவ்வளவு சிறந்த பேராசிரியர் அந்தப் படிப்பில் இருந்தாலும், முதல் வேலையைப் பொறுத்தவரை விண்ணப்பத்தில் பேசுவது பல்கலைக்கழகத்தின் பெயரும் உங்கள் பழைய இன்டர்ன்ஷிப்பும்தான். குறுகிய படிப்பு, சீக்கிரம் தொடங்கும் ஆள்சேர்ப்பு: இந்த இரண்டும் சேரும் இடத்தில் பெயருக்கு மதிப்பு கூடுகிறது.

பிரான்ஸில் இது தலைகீழ். ஹெச்இசி, எஸ்ஸெக், ஈஎஸ்சிபி போன்ற பள்ளிகளின் மேனேஜ்மென்ட் மாஸ்டர்ஸில் நடுவே ஓராண்டு இடைவெளி எடுத்து, ஆறு ஆறு மாதமாக இரண்டு இன்டர்ன்ஷிப் செய்யும் வழக்கம் உண்டு. அங்கே இன்டர்ன்ஷிப் செய்ய வேண்டுமென்றால் மாணவர், நிறுவனம், பள்ளி மூவரும் கையெழுத்திடும் ஒப்பந்தம் வேண்டும். பள்ளி கையெழுத்திடாவிட்டால் நிறுவனம் எடுத்துக்கொள்ள முடியாது. இந்த ஒரு காகிதம்தான் அங்கே படிப்பின் உண்மையான பலம். ஒரு பொறியியல் பட்டதாரி இரண்டு ஆறுமாத இன்டர்ன்ஷிப்போடு வேலைக்கு விண்ணப்பித்தால் அவருடைய ரெஸ்யூமேயே வேறு ஆளுடையது போல இருக்கும்.

உங்கள் ரெஸ்யூமேயில் ஏற்கெனவே நல்ல இன்டர்ன்ஷிப் இருந்தால் ஓராண்டுப் படிப்பு தாங்கும். இல்லையென்றால் இரண்டு வருடப் படிப்பைத் தேடுங்கள். அது கொஞ்சம் பெயர் குறைந்த இடமாக இருந்தாலும் பரவாயில்லை.

படி 5: தரவரிசையை அளவோடு படியுங்கள்

ஃபைனான்ஷியல் டைம்ஸின் மேனேஜ்மென்ட் மாஸ்டர்ஸ் தரவரிசையைத்தான் எல்லோரும் திறக்கிறார்கள். முடித்து மூன்று வருடம் ஆனவர்களின் சம்பளத்துக்கு அதில் பெரிய இடம் உண்டு. அந்தத் தொகை, அந்தந்த நாட்டு விலைவாசியில் அதை வைத்து எவ்வளவு வாங்க முடியும் என்பதற்கு ஏற்பத் திருத்தப்பட்டது. நம் ஐஐஎம்களின் சம்பளம் அதில் டாலரில் அவ்வளவு உயரமாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். ஆசிரியர்களில் பெண்களின் பங்கு, கார்பன் உமிழ்வு போன்றவையும் மதிப்பெண்ணில் சேரும். நல்ல விஷயங்கள்தான், ஆனால் உங்கள் முதல் வேலைக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை.

இன்னொரு முக்கியமான விஷயம்: இந்தத் தரவரிசை ஒரு பள்ளியின் ஒரு படிப்புக்குத்தான். சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலன் பல்கலைக்கழகம் 2011-இலிருந்து பத்தாண்டுகளுக்கும் மேல் தொடர்ந்து முதலிடம் வாங்கியது. வாங்கியது ஸ்ட்ராட்டஜி அண்ட் இன்டர்நேஷனல் மேனேஜ்மென்ட் என்ற ஒரே படிப்பு, மிகச் சிறிய வகுப்பு. அதே பல்கலைக்கழகத்தின் மற்ற மாஸ்டர்ஸ் படிப்புகளுக்கு அந்த இடம் சொந்தமில்லை. "முதலிடம் பெற்ற பள்ளி" என்று விளம்பரத்தில் பார்த்தால், முதலிடம் பெற்றது நீங்கள் சேரும் படிப்பா என்று ஒருமுறை சரிபாருங்கள்.

படி 6: முன்னாள் மாணவர்களைத் தேடுங்கள்

ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.

லிங்க்ட்இனில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பக்கத்துக்குப் போய் முன்னாள் மாணவர்கள் பகுதியைத் திறந்து, தேடும் இடத்தில் படிப்பின் சரியான பெயரைப் போடுங்கள். ஆண்டு வடிகட்டியில் கடந்த நான்கு ஆண்டுகளை மட்டும் வையுங்கள். இப்போது வருகிறவர்களில் இளநிலைப் பட்டம் இந்தியாவில் முடித்தவர்களைத் தனியாக எடுங்கள். அண்ணா பல்கலைக்கழகம், சென்னைப் பல்கலைக்கழகம், பாரதியார், எந்தக் கல்லூரியானாலும் சரி. ஏனென்றால் விசா தேவைப்படாத உள்ளூர் மாணவரின் வெற்றி உங்களுக்குப் பாதிச் செய்திதான்.

ஒரு முப்பது பேரை எடுத்து ஒரு தாளில் எழுதுங்கள்: மாஸ்டர்ஸுக்கு முன் என்ன செய்தார், முடித்த ஆறு மாதத்தில் என்ன வேலை, எந்த ஊர். முன் அனுபவத்தைப் பார்க்க மறக்காதீர்கள். நாலு வருடம் பெரிய வங்கியின் சென்னை அலுவலகத்தில் இருந்தவர் அதே வங்கியின் லண்டன் கிளைக்குப் போனால், அந்தப் பெருமை முழுவதும் படிப்பைச் சேராது. முடித்த தேதிக்குப் பிறகு ஒரு வருடம் எதுவும் எழுதாத பக்கங்களையும் எண்ணிக்கையில் சேருங்கள். நல்ல வேலை கிடைத்தவர்கள் உடனே எழுதுவார்கள். கிடைக்காதவர்கள் அமைதியாக இருப்பார்கள்.

அப்புறம் அந்த முப்பதில் ஐந்து பேருக்கு எழுதுங்கள். "படிப்பு நல்லா இருக்கா?" என்று கேட்டால் நல்லா இருக்கு என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: "உங்கள் வகுப்பில் விசா ஸ்பான்சர் தேவைப்பட்டவர்களில் எத்தனை பேருக்கு அந்த நாட்டிலேயே வேலை கிடைத்தது? உங்களுக்கு வேலை வந்தது பல்கலைக்கழகத்தின் வழியாகவா, நீங்களே தேடியா? இன்று மறுபடி முடிவெடுத்தால் இதையே எடுப்பீர்களா?" தமிழ்நாட்டுக்காரர் என்றால் தமிழிலேயே எழுதலாம், "அண்ணா", "அக்கா" என்று தொடங்கினால் பெரும்பாலும் பதில் வரும். இரண்டு பேர் பேசினாலே எந்த வேலைவாய்ப்பு அறிக்கையையும் விட அதிகம் தெரிந்துகொள்வீர்கள்.

அந்த அறிக்கையையும் படிக்கத்தான் வேண்டும். "95 சதவீதம் வேலை பெற்றனர்" என்று போட்டிருந்தால், அது மொத்த வகுப்பிலா, பதில் சொன்னவர்களிலா, வேலை தேடியவர்களிலா என்று அடிக்குறிப்பைப் பாருங்கள். சராசரிச் சம்பளத்தை விட நடுமதிப்பு (மீடியன், வரிசையில் நடுவில் இருப்பவரின் சம்பளம்) நம்பத் தகுந்தது.

இந்தியாவிலேயே படிப்பவர்களுக்கு

நம் ஊரிலும் இதே கேள்விதான், ஐஐஎம் என்ற மூன்றெழுத்தின் வடிவில் வருகிறது. மனிதவளத் துறைதான் என்று முடிவு செய்த ஒருவருக்கு, புதிய ஐஐஎம் ஒன்றின் பொது எம்பிஏவை விட ஜம்ஷெட்பூர் எக்ஸ்எல்ஆர்ஐயின் மனிதவளப் படிப்பும், மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் மனிதவளப் படிப்பும் துறைக்குள் பல மடங்கு எடை உள்ளவை. கிராமப்புற நிர்வாகத்துக்கு 1979-இல் தொடங்கிய குஜராத்தின் ஆனந்த் நகரத்து இர்மா நிறுவனமும் அப்படியே. ஆனால் மார்க்கெட்டிங்கா, ஃபைனான்ஸா, கன்சல்டிங்கா என்று தெரியாதவருக்குப் பழைய ஐஐஎம்களின் பெயர் தரும் சுதந்திரத்தை இவை தராது.

படி 7: பணமும் முடிவும்

இரண்டு அட்மிட்டுக்கும் மொத்தச் செலவை எழுதுங்கள்: கட்டணம், வாடகை, சாப்பாடு, விமானம், வேலை கிடைக்கும் வரையான ஆறு மாதம். பிணை இல்லாமல் கடன் தரும் நிறுவனங்கள் பல்கலைக்கழகத்தையும் படிப்பையும் சேர்த்தே எடைபோட்டுத் தொகையையும் வட்டியையும் சொல்கின்றன. இரண்டுக்கும் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் பணம் திரும்ப வருமா என்று கணக்குப் போடுகிறவர்கள் என்பதால் அந்த வித்தியாசத்துக்கு அர்த்தம் உண்டு. வீட்டையோ நிலத்தையோ அடகு வைத்துப் போகிறீர்கள் என்றால், ஊர் திரும்பி வந்து இந்தியச் சம்பளத்தில் கட்ட நேர்ந்தால் எத்தனை வருடம் ஆகும் என்ற கணக்கை அப்பா அம்மாவோடு உட்கார்ந்து போட்டுப் பார்த்தே ஆக வேண்டும்.

எல்லாம் கையில் வந்த பிறகு நான் இப்படி முடிவெடுக்கச் சொல்வேன். வேலை தெளிவாக இருக்கிறது, அந்தத் துறை ஆட்கள் மதிக்கும் படிப்பு கையில் இருக்கிறது என்றால் படிப்பை எடுங்கள். துறை இன்னும் தெரியவில்லை, அல்லது சில வருடத்தில் ஊர் திரும்பும் எண்ணம் இருக்கிறது, செலவும் ஏறக்குறைய சமம் என்றால் பெயரை எடுங்கள். ஆனால் முக்கியத் துறை நடத்தும் படிப்பாக இருக்க வேண்டும். பெரிய பெயர், ஓரத்துப் படிப்பு, பெரிய கடன் மூன்றும் ஒன்றாக வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பிப்பதில் ஒரு இழப்பும் இல்லை. வேலையில் இருந்துகொண்டே ஜிமேட்டை இன்னொரு முறை எழுதினால் விண்ணப்பம் வலுவாகத்தான் ஆகும்.

முன்பணம் கட்டுவதற்கு முன் இரண்டு காரியம். கட்டிய பணம் விசா மறுக்கப்பட்டால் திரும்ப வருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். கடைசித் தேதியைத் தள்ளிக் கேட்டுப் பாருங்கள். இன்னொரு இடத்தின் முடிவுக்காகக் காத்திருப்பதாகச் சொன்னால் ஒரு வாரம், இரண்டு வாரம் பல இடங்களில் தருவார்கள். படி 6-இல் நீங்கள் எழுதிக் கேட்ட முன்னாள் மாணவர்களின் பதில் பெரும்பாலும் அந்த இரண்டு வாரத்தில்தான் வரும்.